அண்டப்புளுகும் ஆகாசப்புளுகும்

வா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. நீ எழுதின கதையை உங்கம்மா எனக்கு வாசிச்சுக் காட்டுச்சு. ஆறு பேரைக் கப்பல்ல ஏத்தி, வெள்ளி, செவ்வாய், வியாழன், சனின்னு ஒவ்வொரு கிரகமா டூர் அனுப்புற வெப் சீரிஸ். மொதப் பக்கத்துல 'முற்றிலும் அறிவியல்பூர்வமானது'ன்னு வேற போட்டிருக்க. அதைக் கேட்டதும் எனக்கு இருமல் வந்துருச்சு. சிரிப்பு இல்லப்பா, இருமல்தான்.

டூரிங் டாக்கீஸ்ல ரீல் மாட்டின கை இது. எந்த சீனுக்கு விசில் விழும், எந்த சீனுக்குச் சனம் பீடி பத்த வைக்க எந்திரிக்கும்னு ஆபரேட்டர் ரூம் ஓட்டை வழியாப் பாத்தே படிச்சவன். இப்ப உன் தங்கச்சி செல்போன்ல எல்லாத்தையும் போட்டுக் காட்டுது. புரியாத கணக்கை நம்ம ஹைஸ்கூல் பிசிக்ஸ் வாத்தியார்ட்ட கேட்டுக்குவேன். ரிட்டையர் ஆன மனுசன், கேக்க ஆளு கிடைச்சாப் போதும்னு பேப்பரை எடுத்துப் போட ஆரம்பிச்சிருவாரு. அதனால புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி இருக்குன்னு வெச்சுக்க.

மொதல்ல, உன் ஆளுகளை மிதக்க விட்டுறாத. எல்லாரும் கையில டீக் கிளாஸோட கப்பலுக்குள்ள சாவகாசமா நடக்குறாகன்னு எழுதியிருக்கியே, அதான் சரி. மிதக்குறதுக்குத் துட்டு யாரு குடுப்பா? 1995ல 'அப்போலோ 13' எடுத்த ரான் ஹோவர்டு, நாசாவோட விமானத்துக்குள்ளயே செட்டைப் போட்டாரு. விமானம் சாய்வா மேலேறி, வளைஞ்சு கீழ சரியும்போது ஒரு 25 நொடி போல உள்ள இருக்கிறவன் எடையில்லாம மிதப்பான். அந்த நேரத்துக்குள்ள வசனமும் பேசி முடிக்கணும். இப்படி 600 தடவைக்கு மேல ஏறி இறங்கினாக. அந்த விமானத்துக்குப் பட்டப்பேரே 'வாந்தி வால்நட்சத்திரம்'. உன் புரொடியூசர் வாந்திக்கு பட்ஜெட் ஒதுக்குவாரா, கேட்டுச் சொல்லு.

குப்ரிக்னு இன்னொரு டைரக்டரு வேற வழி பாத்தாரு. 1968ல வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'ல, வியாழனுக்குப் போற கப்பலோட கூடத்தையே வட்டமாக் கட்டி, ராட்டினம் மாதிரி சுத்த விட்டாரு. விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங்னு விமானம் செய்யிற கம்பெனி கட்டிக் குடுத்தது. குறுக்களவு 38 அடி, செலவு 7,50,000 டாலர். சுத்துற வேகத்துல ஆளு ஓரத்தோட அமுங்குவான், அதுவே அவனுக்கு எடை. தத்துவம் நூத்துக்கு நூறு சரி. ஆனா அம்புட்டுச் சின்ன வட்டத்துல பூமியில இருக்கிற எடை வேணும்னா, நிமிசத்துக்கு 12 சுத்துக்கு மேல சுத்தணும்னு வாத்தியார் போட்டுக் காட்டுனாரு. உள்ள இருக்கிறவன் கிறுகிறுத்துப் படுத்துருவான். நிமிசத்துக்கு 2 சுத்துன்னு நிதானமா விட்டா, நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் 220 மீட்டருக்கு மேல இருக்கணும். நீ 'செயற்கை ஈர்ப்பு: ஆன்'னு ஒரு பட்டனோட முடிச்சுட்ட. சிக்கனம் தெரிஞ்ச பிள்ள.

யாராச்சும் அதட்டிக் கேட்டா, ஆலோசகர் பேரை டைட்டில்ல போட்டுரு. 2007ல டேனி பாயில் 'சன்ஷைன்' எடுத்தப்ப, பிரையன் காக்ஸ்ங்கிற பௌதிக விஞ்ஞானியவே ஆலோசகரா வெச்சிருந்தாரு. அந்தக் கப்பல்லயும் எல்லாரும் தரையிலதான் நடப்பாக, ஏன்னு ஒரு வார்த்தை கிடையாது. இந்தப் பழக்கம் பழசு. 1929ல ஜெர்மனியில ஃபிரிட்ஸ் லாங் 'நிலவில் ஒரு பெண்'னு ஒரு ஊமைப்படம் எடுத்தாரு. ஆலோசகர் யாரு? ஹெர்மன் ஓபர்த், ராக்கெட்டு வித்தையோட பிதாமகன்கள்ல ஒருத்தரு. ராக்கெட்டு கிளம்புறதுக்கு முன்னாடி சனம் பதறட்டும்னு லாங் எண்ணைத் தலைகீழா எண்ண வெச்சாரு. பிற்பாடு நெச ராக்கெட்டு விட்டவுகளும் அதையே பிடிச்சுக்கிட்டாக. ஆனா அதே படத்துல நிலாவுல இறங்குனவுக ஜம்முனு காத்தை இழுத்து மூச்சு விடுறாக! அன்னைக்கு ஓபர்த் லீவு போல.

சரி, நீ காப்பியடிக்க ஆசைப்பட்டுக் கடைசியில பயந்து விட்டுட்ட சீரிஸுக்கு வருவோம். 'தி எக்ஸ்பான்ஸ்'. 2015ல ஆரம்பிச்சு 2022 வரைக்கும் ஆறு சீசன். டேனியல் ஏபிரகாம், டை ஃபிராங்க்னு ரெண்டு பேரு, ஜேம்ஸ் எஸ். ஏ. கோரின்னு ஒத்தப் பேர்ல எழுதின நாவல்கள்ல இருந்து எடுத்தது. அதை நடத்துன நரேன் சங்கர், கார்னெல்ல பௌதிகத்துல டாக்டர் பட்டம் வாங்கிட்டு சினிமாவுக்கு வந்தவரு. அந்தக் கப்பல் பூராவும் மாடி வீடு கட்டின கணக்குத்தான். கீழ எஞ்சின், அதுக்கு மேல தளம் தளமா அடுக்கு. எஞ்சின் உந்துனா ஆளுக்கு எடை வரும், தரையில நிப்பான். அணைச்சா மிதப்பான், காந்தச் செருப்பு மாட்டிக்குவான். பாதி தூரம் வரைக்கும் வேகம் கூட்டி, கப்பலைத் தலைகீழாத் திருப்பி, மீதிப் பாதி பூராவும் பிரேக்கு. சண்டையில ஒரு தடவை டூல்ஸ் பெட்டியை மூடாம விட்டுருவாக. கப்பல் உதறித் திரும்புறப்ப உள்ள இருந்த சாமானெல்லாம் பறந்து ஆளைக் குத்த வரும். வில்லன் சுட்ட குண்டை விட எனக்கு அந்த ஸ்பேனர்தான் பயமா இருந்துச்சு.

அங்கயும் புளுகு உண்டு. எப்ஸ்டீன் எஞ்சின்னு ஒண்ணு. கொஞ்சூண்டு எரிபொருள்ல நாள்கணக்கா உந்திக்கிட்டே போகும். அப்படி ஒண்ணு இருந்தா, ஏழரைக் கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறப்ப செவ்வாய்க்கு, பூமி எடையிலேயே நின்னுக்கிட்டு ரெண்டே நாள்ல போயிறலாம்னு வாத்தியார் சொல்றாரு. நெசத்துல ஏழெட்டு மாசம் ஆகும், அதுவும் 26 மாசத்துக்கு ஒருக்காதான் கிளம்ப வாட்டம் வரும். ஆகாசப்புளுகுதான், மறுக்கல. ஆனா கவனி, அந்தப் புளுகுக்கு அவுக வட்டி கட்டுறாக. எஞ்சினைக் கண்டுபிடிச்ச சாலமன் எப்ஸ்டீன் மொத ஓட்டத்துலயே செத்துப் போறான். வேகம் அமுக்குற அமுக்குல அணைக்கிற சுவிட்சுக்கு அவன் கை எட்டல. பின்னால வந்தவுகளும் வேகமாப் போகணும்னா நரம்புல ஊசி ஏத்திக்கணும், அப்படியும் சில பேரு ரத்தக்குழாய் வெடிச்சுச் சாவாக. எடை கம்மியான கல்லுக் கிரகத்துல பிறந்து வளந்தவனைப் பூமிக்குக் கொண்டாந்து சும்மா தொங்க விடுறதே சித்திரவதையா இருக்கு. உன் கதையில எஞ்சினுக்கு யாரு என்ன விலை குடுத்தா? டீ சிந்துனதாக்கூட நீ எழுதல.

அவுகளையும் கொம்புல தூக்கி வைக்காத. சரக்கு ஊத்துற சீன் பாத்திருப்ப. சீரிஸ்ங்கிற குறுங்கோளைச் சுத்த விட்டு, உள்ள ஊரு அமைச்சிருப்பாக. அங்க மில்லருங்கிற போலீஸ்காரரு பாட்டிலைச் சாய்ச்சா, சரக்கு நேரா விழாம வளைஞ்சு போய்க் கிளாஸுல விழும். சுத்துற இடத்துல விழுகிற பொருள் கோணிக்கிட்டுத்தான் விழும், அது வாஸ்தவம். பாத்தவுக எல்லாம் ஆகான்னாக. நான் வாத்தியார்ட்ட பேப்பரை நீட்டுனேன். சீரிஸோட குறுக்களவு 940 கிலோமீட்டர் போல. நாவல்ல சொல்ற மாதிரி பூமி எடையில மூணுல ஒரு பங்கு வேணும்னா, அது 40 நிமிசத்துக்கு ஒரு சுத்து சுத்துனாப் போதும். அந்தச் சோம்பேறிச் சுத்துல, ஒரு அடி உயரத்துல இருந்து விழுகிற சரக்கு எம்புட்டு விலகும்? கால் மில்லிமீட்டர். கேமராவுக்கும் தெரியாது, குடிக்கிறவனுக்கும் தெரியாது. அது மட்டுமா, அந்த வேகத்துக்கே ஐஸும் மண்ணுமா இருக்கிற சீரிஸ் பிச்சுக்கிட்டுப் போயிருமாம். ஆனாலும் எனக்கு அந்த சீன் பிடிச்சிருக்கு பேராண்டி. பௌதிகம் தெரிஞ்சவன் மட்டும்தான் இந்தத் தப்பைப் பண்ண முடியும்.

இன்னொண்ணு, சூடு. இதைப் பத்தி ஒரு பயலும் வாயைத் திறக்க மாட்டான். பெரிய எஞ்சின்னா பெரிய சூடு. வெளிய காத்து கிடையாது, சூட்டை வாங்கிட்டுப் போக ஆளில்ல. அகலமாத் தகடு விரிச்சுக் கொஞ்சங்கொஞ்சமா வெளிய விட்டாத்தான் உண்டு, இல்லாட்டி உள்ள இருக்கிறவுக வெந்துருவாக. குப்ரிக் ஆளுகளுக்கு இது தெரியும். வியாழனுக்குப் போற அந்த டிஸ்கவரி கப்பலுக்குத் தகடுகளை வரைஞ்சும் வெச்சிருந்தாக. அப்புறம், பாக்குறவுக அதை றெக்கைன்னு நினைச்சு, காத்தில்லாத இடத்துல றெக்கை எதுக்குன்னு கேலி பண்ணுவாகன்னு எடுத்துட்டாக. தப்புன்னு பேரு வாங்கக் கூடாதுன்னு சரியானதைத் தூக்கிப் போட்ட கதை. அதனால உன் கப்பல்ல தகடு இல்லைன்னு வருத்தப்படாத, பெரிய மனுசன் சகவாசம்தான்.

சில்லறை விசயங்களை வேகமாச் சொல்லிர்றேன். குறுங்கோள் கூட்டத்துக்குள்ள பாறைகளுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ஓட்டுறியே, அங்க ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் சராசரியா லட்சக்கணக்கான கிலோமீட்டர். பயனியர் 10ங்கிற விண்கலம் அம்பது வருசத்துக்கு முன்னாடியே ஒரு கீறல் இல்லாமக் கடந்துருச்சு. செவ்வாய்ப் புயல்ல ஆளைத் தூக்கி அடிக்கிற. அங்க காத்தோட அழுத்தம் நம்மளோடதுல நூத்துல ஒரு பங்குகூட இல்ல, 160 கிலோமீட்டர் வேகத்துல அடிச்சாலும் மொட்டை மாடித் தென்றல்தான். 'தி மார்ஷியன்' எழுதின ஆண்டி வீரே, தன் கதையில வர்ற புயல் தெரிஞ்சே பண்ணுன புளுகுன்னு ஒத்துக்கிட்டாரு. வெற்றிடத்துல விழுந்தவன் கண்ணு பிதுங்கி வெடிக்கிறதையும் எடுத்துரு. 1966ல நாசாவோட சோதனை அறையில ஜிம் லெப்ளாங்கிறவரோட உடையில குழாய் கழண்டுருச்சு. 14 நொடி போல நினைவு இருந்துச்சு, நாக்குல எச்சில் கொதிச்சது வரைக்கும் ஞாபகம். பிழைச்சு நல்லா இருந்தாரு.

வெள்ளிக் கிரகத்துல உன் ஹீரோ பாட்டுப் பாடுறான். சரி, பாடட்டும். அங்க 460 டிகிரி சூடு, நம்ம காத்தைப் போல 90 மடங்கு அழுத்தம். 1982ல ரஷ்யாக்காரன் இறக்குன வெனேரா 13, டைட்டானியத்துல செஞ்ச எந்திரம், 127 நிமிசம் தாக்குப் பிடிச்சுச்சு. பிபிசிக்காரன் 2004ல 'ஸ்பேஸ் ஒடிஸி: வாயேஜ் டு தி பிளானட்ஸ்'னு நெச டாக்குமெண்டரி மாதிரியே ரெண்டு பகுதி எடுத்தான். ஆளு மட்டும் அஞ்சு பேரு, மத்தபடி உன்னது மாதிரியேதான், ஒரே கப்பல், கிரகம் கிரகமா. அதுலயும் ஒரு ஆளை வெள்ளியில இறக்குறான். ஆனா அவசர அவசரமா ஏத்திக்கிட்டுப் போயிர்றான், பாட்டுக்கு நேரம் குடுக்கல. கதிர்வீச்சு வாங்குனா உடம்புக்கு என்ன ஆகும்னும் அதுல ஒருத்தன் செத்துக் காட்டுறான்.

அப்புறம், கேக்கவே கூச்சமா இருக்கு. ஆறு பேரு, அஞ்சு வருசம், பத்து எபிசோடு. ஒருத்தன்கூட ஒதுங்கப் போகல! குப்ரிக் படத்துல ஒரு பெரிய டாக்டரு, எடையில்லாக் கக்கூஸு வாசல்ல நின்னு, நீளமா எழுதி வெச்சிருக்கிற விதிமுறைகளை முகஞ்சுளிச்சுப் படிப்பாரு. இன்னைக்குச் சர்வதேச விண்வெளி நிலையத்துல சிறுநீர் உட்பட கழிவுத் தண்ணியில 98 சதவீதத்தைச் சுத்தம் பண்ணித் திரும்பக் குடிக்கிறாக. அந்த டீக் கிளாஸுல இருக்கிறது என்னன்னு யோசிச்சியா?

எல்லாத்தையும் மாத்தச் சொல்லல. புளுகுறதுன்னா பெரிசா ஒண்ணு புளுகு, நான் விசில் அடிக்கிறேன். ஆனா ஏழாவது எபிசோடை மட்டும் இன்னைக்கு ராத்திரியே திருத்து. சனிக்கிரகத்துல இருந்து கேப்டன் வீடியோ கால்ல "அம்மா"ங்கிறான், அந்தம்மா உடனே "சாப்பிட்டியாப்பா"ங்குது. அவன் கூப்பிட்ட சத்தம் பூமிக்கு வர கிட்டத்தட்ட 70ல இருந்து 90 நிமிசம் ஆகும், பதில் போய்ச் சேர அதே அளவு இன்னொருக்கா. நடுவுல அந்தம்மா என்ன செய்யும், அவன் என்ன செய்வான், அதை எழுது.