பூஜ்யம் கண்ட புண்ணியவான்கள்

தில்லி இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையத்தை விழுப்புரம் மாவட்டத்துக் கெடாரிலிருந்தே கைகூப்பி வணங்குகிறேன். 2022 ஜூன் முதல் அங்கே விளக்கும் குளிர்சாதனமும் நீர்மின்சாரத்திலும் சூரியமின்சாரத்திலும்தான் ஓடுகின்றன. 2030-க்குள் கார்பன் உமிழ்வை நிகர பூஜ்யமாக்குவதாக வாக்கும் கொடுத்தார்கள். நாடே 2070 வரை தவணை வாங்கியிருக்கும்போது, 40 ஆண்டு முன்னதாகவே கடனை அடைக்கத் துணிந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?

அவர்கள் கணக்கு எழுதும் நேர்த்திக்கே தனியாக ஒரு மாலை போடலாம். விமான நிலையங்களுக்குக் கார்பன் சான்று வழங்கும் முறை 2009-இல் ஐரோப்பாவில் தொடங்கியது. உமிழ்வை அதில் மூன்று பங்காகப் பிரிக்கிறார்கள். நிலையம் தானே எரிக்கும் டீசலும் எரிவாயுவும் முதல் பங்கு. விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாவது. பயணிகள் வந்திறங்கும் காரும், அவர்களை ஏற்றிப் பறக்கும் விமானமும் மூன்றாவது. பூஜ்யப் பட்டம் முதல் இரண்டு பங்கைப் பார்த்தே கிடைக்கிறது. சான்றின் உச்சப் படியில் நிற்பவர்களுக்குக்கூட மூன்றாவது பங்குக்கு 2050 வரை அவகாசம் உண்டு. ஒரு டன் விமான எரிபொருள் எரிந்தால் 3.16 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. அது விமானக் கம்பெனியின் பாடு. அடுத்தவர் சரக்கைத் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ளாத நாணயம் இது. கள்ளுக்கடை வைத்திருப்பவர், தான் ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தால் அதில் பொய் ஏது?

2023 ஜூலையில் தில்லி நான்காவது ஓடுபாதையைத் திறந்தது. கூடவே மேம்பாலம் போல ஒரு பாதை கட்டி, விமானங்கள் தரையில் உருளும் தூரத்தில் 7 கிலோமீட்டரை மிச்சம் பிடித்தார்கள். தரையில் சிந்தாமல் காத்த எண்ணெய் அவர்கள் பெருமை. கூடுதலாக மேலே கிளம்பும் விமானங்கள் மூன்றாவது பங்கு.

கொச்சியையும் விட்டுவிடக் கூடாது. முழுக்கச் சூரியமின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்று 2015 ஆகஸ்டில் பெயர் வாங்கியது. மூன்றே ஆண்டில் பெரியாறு உள்ளே புகுந்து, இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. அப்போதும் விருது தடைபடவில்லை. அதே 2018-இல் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் விருதைப் பெற்றது.

சென்னையின் முன்னெச்சரிக்கையும் பாராட்டத் தக்கது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நெருங்கியபோது, பயணிகளின் உயிரே பெரிது என்று விமான நிலையத்தை மூடினார்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். தாங்கியதை எங்காவது கொட்டத்தானே வேண்டும்? எங்கள் மாவட்டம் இடம் கொடுத்தது. மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர். சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. அரசூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலையே ஆறாக ஓடியது. கரையோரக் கழனிகளில் கரும்பும் நெல்லும் மணலுக்கடியில் போயின. வாசலை மூடிவிட்டு அடுத்த நாள் திறந்துகொள்ளும் வசதி கழனிக்குக் கிடையாது. வாழ்நாளில் ஒருமுறைகூட விமானம் ஏறாதவர்கள், ஏறியவர்களின் மூன்றாவது பங்கை இப்படி முறைவைத்துச் சுமக்கிறார்கள். எந்தச் சான்றிதழிலும் இவர்கள் பெயர் இல்லை.

இனி பரந்தூரில் வரவிருக்கும் விமான நிலையம். 5,700 ஏக்கருக்கு மேல் நிலம், ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகள் என்று திட்டம். அந்த நிலத்தில் ஏரியும் குளமும் நஞ்சையும் அடக்கம். அங்கே நிலம் பறிபோகும் ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். நம் அரசுகளின் பொறுமை பெரிது. ஒரு தீர்மானத்தையும் போட வேண்டாம் என்று தடுக்கவில்லை. எல்லாவற்றையும் போடவிட்டு, 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. ஏரி இருந்த இடத்தில் முனையம் எழும்போது அதற்கும் ஒரு பசுமைச் சான்று வந்து சேரட்டும். அதிலும் முதல் இரண்டு பங்கு பூஜ்யமாகவே இருக்கட்டும் என்று இப்போதே வாழ்த்திவிடுகிறேன்.