இனிஷியலுக்கு எந்தக் கட்டம்?

● எங்கள் ஊர் அரசஞ்சண்முகனாரை, மேற்கோள் பட்டியல் தயாரிக்கும் மென்பொருளான ஜோட்டேரோவில் ஏற்றினால், 'கடைசிப் பெயர் எது, முதல் பெயர் எது' என்று கேட்கிறதே?
– ஆய்வு மாணவி, சோழவந்தான்

கேட்கத்தான் செய்யும். குடும்பப் பெயர் இல்லாமலும் மனிதர்கள் புத்தகம் எழுதுவார்கள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. தொல்காப்பியப் பாயிரத்துக்கு விருத்தி எழுதிய அந்தப் புலவரின் (1868–1915) பெயரில் முன்னால் நிற்பது தந்தை அரசப்பிள்ளை. ஆனால் இரண்டும் ஒட்டி ஒரே பெயராகவே வழங்குகிறது, பிரிக்காதீர்கள். பெயருக்குப் பக்கத்திலுள்ள சின்னப் பொத்தானைத் தட்டினால் இரண்டு கட்டமும் ஒன்றாகிவிடும். முழுப் பெயரையும் அதில் போடுங்கள். மென்பொருள் முன்பின்னாகத் திருப்பாது.

● டி. ஆர். மகாலிங்கத்துக்கும் அப்படியேவா?
– வாசகர், தென்கரை

வேண்டாம். கடைசிப் பெயர் மகாலிங்கம், முதல் பெயர் டி. ஆர். அந்த 'டி' உங்கள் தென்கரைதான். ஓர் ஊரே முதல் பெயராகிவிட்டது, பெருமைப்படுங்கள்!

● உ.வே.சா.வை 'ஐயர்' என்ற குடும்பப் பெயரில் போடலாமா?
– பேராசிரியர், திருவேடகம்

கூடாது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமே அவரைச் 'சாமிநாதையர், உ. வே.' என்றுதான் வைத்திருக்கிறது. சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தவரை நாம் பட்டியலுக்குள் தேடி அலைவானேன்?

● நூலகவியல் மேதை எஸ். ஆர். ரங்கநாதனுக்காவது இந்தச் சிக்கல் இல்லையே?
– நூலகர், மதுரை

'எஸ்' சீர்காழி, 'ஆர்' தந்தை ராமாமிருதம். அவரும் நம்ம கட்சிதான்!

● ஆங்கிலத் தலைப்பில் எல்லாச் சொல்லுக்கும் பெரிய எழுத்தா?
– மாணவர், வாடிப்பட்டி

முதல் சொல்லுக்கும் ஊர், ஆள் பெயர்களுக்கும் மட்டும் வைத்துச் சேமியுங்கள். எல்லாவற்றையும் பெரிதாக்கச் சொல்லும் பாணி வந்தால் மென்பொருளே பெரிதாக்கிக்கொள்ளும். நீங்களே பெரிதாக்கி வைத்துவிட்டு அதைச் சிறிதாக்கச் சொன்னால், எது மதுரை, எது மாடு என்று அது தடுமாறும். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்த் தலைப்புக்கு, மொழிக் கட்டத்தில் தமிழுக்கான 'டி', 'ஏ' என்ற இரண்டு எழுத்தைப் போட்டுவிடுங்கள். அதன்மேல் கை வைக்காது.

● என் பட்டியலில் ஒரே ஆசிரியர் மூன்று பேராக வருகிறாரே?
– ஆய்வு மாணவர், சமயநல்லூர்

இணையத்திலிருந்து இழுத்ததை அப்படியே நம்பியிருக்கிறீர்கள். ஒரு பதிவில் 'எஸ். முருகன்', அடுத்ததில் 'முருகன் எஸ்', மூன்றாவதில் 'எஸ்' என்பதே குடும்பப் பெயர். அது போதும், மூன்று பேராக. ஒவ்வொரு பதிவையும் ஏற்றிய கையோடு திருத்துங்கள். வைவாவுக்கு முந்தைய ராத்திரி இந்த வேலை வேண்டாம்.