அனுமந்தைக்கு வந்த முதல் பென்ஸ்

கிழக்குக் கடற்கரைச் சாலை கட்டணச் சாலையான பிறகு, அனுமந்தை என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சுங்கச்சாவடி என்று ஆகிவிட்டது. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற பென்ஸ் கார்கள் எங்கள் ஊரைக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே கடந்துவிடும். அவர்களில் யாரையாவது நிறுத்தி, இந்த ஊருக்குப் பென்ஸ் வந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது, கொண்டுவந்தவர் என் தாய்மாமன் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். மாமாவின் பென்ஸ் மேல்கூரையில் நாலு ஹாரன் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். பின்னால் ஜெனரேட்டர் வண்டி தொங்கும். திருவிழா இல்லாத மாதங்களில் கருவாடு ஏற்றுவதால், அம்மன் பாட்டு எந்தத் தெருவுக்குப் போனாலும் வாடை முன்னால் போய்ச் சேரும்.

பார்வைக்கு அது மெட்டடோர் வேன்தான். பஜாஜ் டெம்போ கம்பெனி ஜெர்மனி உரிமத்தில் 1969 முதல் இந்தியாவில் செய்து விற்ற வண்டி. எண்பதுகளில் தமிழ்நாட்டில் கல்யாண கோஷ்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், முட்டை, ஐஸ் எல்லாம் அதில்தான் போயின. மாமா வாங்கியது பழைய மாடல், சின்ன டீசல் இன்ஜின், இரண்டு கை மாறி வந்தது. லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தது. அதுவும் காற்று பின்னாலிருந்து அடித்தால்.

மாமாவுக்கு மரக்காணம் வட்டாரத்தில் மைக் செட், சீரியல் லைட், ஜெனரேட்டர் வாடகைத் தொழில். அந்தக் காலத்தில் உப்பளத்துப் பக்கம் மின்சாரக் கம்பம் இருந்ததே தவிர, திருவிழா அன்றைக்கு அதில் மின்சாரம் இருக்கும் என்று எந்தத் தர்மகர்த்தாவும் நம்பியதில்லை. அதனால் ஜெனரேட்டர் இல்லாமல் ஆர்டர் இல்லை. இரண்டு சக்கரத்தில் ஏற்றிய செட், டிரெய்லரோடு சேர்த்து ஒரு டன்னுக்குக் குறையாது. வேனுக்குள் ஆம்பிளிஃபயர், ஒயர், மூங்கில் கழி, அவற்றின் மேல் நாங்கள்.

மெட்டடோர் முன்சக்கர இழுவை வண்டி. இன்ஜின், கியர் பாக்ஸ், கிரவுன் பினியன் எல்லாம் முன்னாலேயே முடிந்துவிடும். பின்பக்கம் தாழ்வான தரை கிடைப்பதால் சரக்கு ஏற்ற வசதி. இழுவைக்குத்தான் வம்பு. டிரெய்லரின் மூக்கு பின்பக்கக் கொக்கியை அழுத்தும். பின்பக்கம் அழுந்தினால் முன்பக்கம் லேசாகும். இழுக்க வேண்டிய சக்கரமே தரையைச் சரியாகப் பிடிக்காது. சமதரையில் எப்படியோ போய்விடும். குப்பத்து மணலிலும் மேட்டிலும் சக்கரம் சுற்றிக்கொண்டு நிற்கும், வண்டி அசையாது. மயிலம் மலை பெரிய மலையல்ல. ஆனால் பங்குனி உத்திரத்துக்கு அதன்மேல் செட்டை ஏற்றுவதற்குள் முருகனே இறங்கி வந்து தள்ளியிருக்கலாம் என்று தோன்றும்.

இதற்கு எங்கள் ஊர் கண்ட மருந்து உப்பு. எங்கும் விலைகொடுத்து எடை தேட வேண்டாம், அளத்தில் குவித்து வைத்திருக்கிறது. இரண்டு மூட்டை உப்பை டிரைவர் சீட்டின் பக்கத்தில், இன்ஜின் மூடியை ஒட்டிப் போட்டால் முன்சக்கரம் தரையைக் கடிக்கும். மேலே ஏறி முடித்ததும் மூட்டையைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டு, மாமா அதை உபயக் கணக்கில் எழுதிக்கொள்வார். மூட்டையிலிருந்து சொட்டிய உப்புத்தண்ணீர் வேனின் தரையில் என்ன வேலை பார்த்தது என்பது பின்னால் தெரிந்தது.

பஜாஜ் டெம்போ 1982-ல் மெர்சிடிஸ் பென்ஸின் ஓஎம் 616 டீசல் இன்ஜினைத் தயாரிக்க உரிமம் வாங்கியது. நாலு சிலிண்டர், 2,400 சிசி. ஜெர்மனியில் 240 டி என்ற காரில் இருந்ததும் அதே இன்ஜின்தான். தெசலோனிகியில் ஒரு கிரேக்க டாக்ஸிக்காரர் 1976 மாடல் 240 டி-யை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் கம்பெனியின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். அவரும் இன்ஜினை இறக்கி ஏற்றி இறக்கி ஏற்றித்தான் அந்தக் கணக்கைத் தொட்டார். இது எதுவும் மாமாவுக்குத் தெரியாது. திண்டிவனத்தில் புது மெட்டடோர் ஒன்று நிறைய ஆட்களோடு மேம்பாலம் ஏறியதைப் பார்த்தார், அவ்வளவுதான். "அது பென்ஸ் இன்ஜினாம்டா" என்றார். அதன் பிறகு அவருக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

புதுப்பேட்டைக்குப் போனோம். சென்னையில் ஒரு வண்டியை முழுதாக விற்றுவிட்டு, அதையே துண்டு துண்டாகத் திரும்ப வாங்கக்கூடிய இடம் அது. அடிபட்ட மெட்டடோர் ஒன்றின் இன்ஜினும் கியர் பாக்ஸும் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. கடைக்கார பாய் ஆயில் மூடியைத் திறந்து, வாய்வழியாகப் புகை வருகிறதா பார்க்கச் சொன்னார். நாலு ஹீட்டர் பிளக்கையும் கழற்றிக் காட்டினார். இந்த இன்ஜினில் டீசல் நேராக சிலிண்டருக்குள் போகாது. பக்கத்தில் ஒரு சிற்றறையில் முதலில் பற்றிக்கொண்டு, பிறகுதான் உள்ளே பாயும். அதனால் சத்தம் கொஞ்சம் அடங்கும், காலையில் பிளக் சூடேறும்வரை கும்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மாமாவுக்கு இது பிடித்துப்போயிற்று. அவசரப்படாத இயந்திரத்தை அவர் குணம் என்று எடுத்துக்கொண்டார்.

ஊருக்குக் கொண்டுவந்ததும்தான் வேலையே ஆரம்பம். பழைய தாங்கிகள் பொருந்தவில்லை. திண்டிவனம் லேத் பட்டறையில் மேஸ்திரி கனத்த தகட்டை வெட்டிப் புதுத் தாங்கி செய்தார். ரேடியேட்டர் சின்னது, இந்தச் சூட்டுக்குப் போதாது. லாரி ரேடியேட்டர் ஒன்றை வெட்டி ஒட்டினார்கள். டீசல் பம்பைக் கழற்றிக் கலிப்ரேஷனுக்கு அனுப்பினார்கள். இதிலெல்லாம் மாமா தலையிடவில்லை. கிரவுன் பினியனில்தான் சண்டை.

மேஸ்திரியின் கட்சி சிக்கனம். "அண்ணே, நீங்க ஓடுறது கடலோரம். மரக்காணத்துலேர்ந்து பாண்டி வரைக்கும் தட்டையா கெடக்குது. வேகப் பல்லு போட்டா இன்ஜின் மெதுவா சுத்தும், டீசல் மிச்சம்." மாமாவின் கட்சி இழுவை. "மயிலம் ஏறணுமே?" மயிலம் வருஷத்தில் ஒரு நாள். மீதி நாளெல்லாம் உப்பளம், சவுக்குத் தோப்பு, கழுவெளி என்று ஒரு அங்குலம் மேடில்லாத பூமி. ஆனாலும் மாமா அந்த ஒரு நாளுக்காகவே பல்லைத் தேர்ந்தெடுத்தார். மனிதர்கள் வீடு கட்டும்போதும் இப்படித்தான், ஒருநாள் வரப்போகிற கல்யாணக் கூட்டத்துக்காகக் கூடத்தை அளப்பார்கள். இன்ஜின் எல்லாச் சாலையிலும் கொஞ்சம் கத்திக்கொண்டே ஓடியது. மாமா அதைப் பென்ஸ் சத்தம் என்றார். பெயின்டரைக் கூப்பிட்டு, கண்ணாடிக்கு மேலே 'மயிலம் முருகன் துணை', அதன் கீழே 'பென்ஸ் இன்ஜின்' என்று எழுத வைத்தார்.

ஆர்.சி. புத்தகத்தில் பழைய இன்ஜின் எண்ணை அடித்துப் புதியதை எழுதிக் கொடுத்தார்கள். யாரும் வேறொன்றும் கேட்கவில்லை.

பலன் இருந்தது, மறுக்க முடியாது. திணறித் திணறி ஆக்சிலேட்டரை மிதித்துக் குடித்த டீசல் குறைந்து, லிட்டருக்குப் பன்னிரண்டு வந்தது. புது இன்ஜின் பழையதைவிடக் கனம் என்பதால் முன்சக்கரத்துக்கு உப்பு மூட்டையும் தேவைப்படவில்லை. டீசல் லிட்டர் நாலு ரூபாய்க்குள் விற்ற காலம். மாமா ஒரு நோட்டில் மிச்சக் கணக்கு எழுத ஆரம்பித்தார். அந்த நோட்டு வெகுநாள் ஓடவில்லை. ஏனென்றால் வண்டி இழுக்கிறது என்று தெரிந்ததும் கூடுதலாக நாலு பாக்ஸ் ஸ்பீக்கர் வாங்கினார். பாக்ஸுக்கு மின்சாரம் போதவில்லை என்று பெரிய ஜெனரேட்டர் வாங்கினார். அதைத் தாங்க டிரெய்லரைப் புதிதாகச் செய்தார். மைலேஜ் அலுங்காமல் எட்டுக்குத் திரும்பி வந்தது. மிச்சமான டீசல் முழுவதும் ஒலியாக மாறி, கூனிமேடு வரைக்கும் கேட்டது.

ஏறுவது ஒரு கதை, இறங்குவது வேறு. இன்ஜினை மாற்றியவர்கள் பிரேக்கை மாற்றவில்லை. டிரெய்லருக்குப் பிரேக்கே கிடையாது. மயிலத்திலிருந்து இறங்கும்போது ஜெனரேட்டர் வேனைத் தள்ளிக்கொண்டு வரும். முதல் கியரில் போட்டு, பக்கத்தில் ஒரு பையன் கையில் கட்டையோடு ஓடி வருவான். நிற்கவில்லையென்றால் சக்கரத்துக்கு அடியில் போடவேண்டியது அவன் பொறுப்பு. அவனுக்குச் சம்பளம் இல்லை, பிரசாதம் உண்டு.

வண்டியைக் கொன்றது மலையல்ல, கடல். உப்பு மூட்டை அரித்த தரையில் முதலில் ஓட்டை விழுந்தது. பிறகு கதவின் அடி, சேசிஸின் ஓரம். உட்கார்ந்திருக்கும்போதே காலுக்குக் கீழே சாலை ஓடுவது தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண சாமான் ஏற்றி ஓடியதுதான் அதன் கடைசி நல்ல வேலை. உடம்பு போயிற்று, இன்ஜின் மட்டும் கல்லாட்டம் நின்றது. அதை எடைக்குப் போட மாமாவுக்கு மனம் வரவில்லை. இறக்கி, ஆல்டர்னேட்டரோடு இணைத்து, டிரெய்லரின் மேலேயே உட்கார வைத்தார். ஜெனரேட்டரை இழுப்பதற்கென்று புதுப்பேட்டையிலிருந்து வந்த இன்ஜின் ஜெனரேட்டராகி, குப்பத்து டிராக்டரின் பின்னால் இழுபட்டுப் போனது.

சம்பாத்தியம் அதற்குப் பிறகுதான் வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, கம்பங்கள் சாய்ந்து நாட்கணக்கில் இருட்டு. பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியை நிரப்ப, செல்போனுக்குச் சார்ஜ் போட, ஐஸ் பெட்டியைக் காப்பாற்ற எல்லோரும் பென்ஸைத் தேடி வந்தார்கள். மறுவருஷம் தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு. ஓடியபோது தின்ற காசையெல்லாம் நின்ற இடத்திலிருந்து திருப்பிக் கொடுத்தது.

இப்போது தொழிலை மாமாவின் பேரன் பார்க்கிறான். எல்இடி திரை, டிஜே விளக்கு, சத்தமில்லாத ஜெனரேட்டர். அவனுடைய பிக்கப் வண்டியின் இழுவையைக் கேட்டால் மாமா மயங்கிவிடுவார். பழைய பென்ஸ் காரில் ஓஎம் 616 கொடுத்தது 65 குதிரைத்திறன், 137 நியூட்டன் மீட்டர். ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று 2005-ல் பெயர் மாற்றிக்கொண்ட அதே கம்பெனியின் இன்றைய டிராவலர் வேன், மெர்சிடிஸ் வழிவந்த 2.6 லிட்டர் இன்ஜினில் 350 நியூட்டன் மீட்டர் தருகிறது. பேரனுடையது வேறு கம்பெனி. ஏறத்தாழ அதே வகை. மயிலம் ஏறிவிட்டது என்பதே அவனுக்குப் பாட்டை மாற்றும்போதுதான் தெரியும்.

ஆனால் அவனால் அந்த வண்டியில் ஒரு நட்டைக்கூட மனசுப்படி மாற்ற முடியாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு டீசலோடு யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். அது தீர்ந்தால் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்று முன்கூட்டியே மிரட்டும். புகை வடிகட்டியில் கரி சேர்ந்தால், அதை எரிக்க நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லி விளக்கு எரியும். மிச்சம் பிடிக்க வாங்கிய வண்டியை, அதன் சுகத்துக்காகப் புதுச்சேரி வரை காலியாக ஓட்டிவிட்டு வருவான். போனது வீணாகாமல், எல்லை தாண்டியதும் கனகசெட்டிகுளத்துப் பக்கம் டீசல் போட்டுக்கொள்வான், அங்கே விலை குறைவு. போய்வரும் டீசலைக் கழித்தால் என்ன மிச்சம் என்று அவன் தாத்தாவைப் போலவே அவனும் எழுதி வைப்பதில்லை.

சட்டமும் மாறிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை 2000-ல் இறுக்கினார்கள். கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தத்தில், இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லை இரண்டும். மயிலத்தில் கட்டையோடு ஓடிய பையனை நினைத்தால், சட்டத்தின் பக்கம் பேச எனக்கு ஒன்றும் தயக்கமில்லை. ஆனால் அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. குறைந்தது பத்துப் போக்குவரத்து வாகனம் வைத்திருப்பவருக்கு, அதே ரக இன்ஜினைப் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் இல்லாமலே மாற்றிக்கொள்ள மாநில அரசு அனுமதி தரலாம். இதைப் படித்துக் காட்டியபோது மாமா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "அப்ப நான் ஒம்பது வண்டி கம்மியா வாங்கிட்டேன்" என்றார்.

மரக்காணம் முதல் புதுச்சேரி வரை 46 கிலோமீட்டரை நான்குவழியாக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 2,157 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. பேரன் சந்தோஷத்தில் இருக்கிறான். சாலை அகலமானால் பெரிய திரை கொண்டுபோகலாம், பெரிய திரைக்குப் பெரிய ஜெனரேட்டர், அதற்குப் பெரிய வண்டி. டீசல் விலை லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டதால், அந்தப் பெரிய வண்டியை மின்சார வண்டியாக வாங்கப் போகிறானாம்.

"சார்ஜுக்கு எங்கடா போவே?" என்று நான் கேட்டேன்.

"பின்னாடியே ஜெனரேட்டர் வருதுல்ல சித்தப்பா? திருவிழாவுல நிக்கிற நேரம் அதுலயே போட்டுக்கலாம்."

டீசல் ஜெனரேட்டரை இழுத்துப் போக மின்சார வண்டி. அந்த மின்சார வண்டிக்குத் தீனி டீசல் ஜெனரேட்டர். கணக்கு எங்கே இடிக்கிறது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, திண்ணையில் படுத்திருந்த மாமா எழுந்து உட்கார்ந்தார்.

"அதெல்லாம் கெடக்கட்டும். முன்வீல் இழுக்குமா, பின்வீல் இழுக்குமா? அதைக் கேளு மொதல்ல."