லேத் செய்ய லேத் வேண்டாமா?

கேள்வி: வீட்டிலேயே லேத் மெஷின் செய்யலாம் என்கிறார்கள். லேத் செய்யவே லேத் வேண்டுமே?

பதில்: கோழியா முட்டையா என்கிறீர்கள். முதலில் அடுப்பு! அமெரிக்கர் டேவ் ஜிஞ்சரி ஏழு புத்தகங்களில் காட்டிய வழி இது. முதல் புத்தகமே கரி உலைதான். காயலான் கடை அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். மணல் அச்சில் ஊற்றினால் லேத்தின் அடித்தளமான பெட் தயார். அதைச் சமமாக்குவதுதான் தவம்: சமதளத் தட்டில் நீல மை பூசி, பெட்டைத் தேய்த்து, மை ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்ட வேண்டும். திரும்பத் திரும்ப. தோள் கழன்றாலும் விடாதீர்கள், துல்லியம் பிறப்பது அங்கேதான். அப்புறம் பாருங்கள் அழகை, பாதி முடிந்த லேத், சுழல் தண்டைத் தாங்கும் தன் ஹெட்ஸ்டாக்கைத் தானே குடைந்துகொள்ளும்! ஒரு எச்சரிக்கை: உருகிய அலுமினியத்தில் ஈரமான உலோகத் துண்டு எதையும் போடாதீர்கள், வெடித்துச் சிதறும்.