நஷ்டம் காட்டியவருக்கு 800 கோடி

கி.பி. 1999இல் அமெரிக்காவை பில் கிளின்டன் ஆண்டார் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். நம்பாதீர்கள். உண்மையில் ஆண்டவர் நாஸ்டாக் பங்குச் சந்தை என்னும் மகாராஜா. கூட்டல் தெரியும், பெருக்கல் அதைவிட நன்றாகத் தெரியும். கழித்தல் மட்டும் அவருக்கு வராது.

அந்த வருஷம் மே மாதம் இரண்டு பொம்மை வியாபாரிகள் சபைக்கு வந்தார்கள்.

முதலாமவர் டாய்ஸ் ஆர் அஸ். ஒட்டகச்சிவிங்கி சின்னம், ஆயிரத்துக்கு மேல் கடைகள். "மன்னா, போன வருஷ விற்பனை 1,120 கோடி டாலர்" என்று கணக்கை நீட்டினார்.

"கடைகளுக்கு வாடகை கொடுக்கிறீரா?"

"கொடுக்கிறேன் மன்னா."

"கரண்ட் பில்?"

"அதுவும்தான்."

"சீச்சீ! ஓரமாய் நில்லும்."

அடுத்தவர் ஈடாய்ஸ். வயது இரண்டு. கலிபோர்னியாக்காரர்.

"உமக்கு எத்தனை கடை?"

"ஒன்றுகூட இல்லை மன்னா. இணையத்தில் மட்டும்தான்."

சபை எழுந்து நின்று கைதட்டியது.

"விற்பனை?"

"3 கோடி டாலர்."

"நஷ்டம்?"

"2 கோடியே 86 லட்சம்."

"பலே! அடுத்த வருஷம்?"

"இதைவிடப் பிரமாதமாய் நஷ்டப்படுவேன்."

"இவரல்லவா வியாபாரி!" என்றார் மகாராஜா.

மே 20 அன்று 20 டாலருக்கு வெளியிட்ட ஈடாய்ஸ் பங்கு, அன்று மாலையே 76 டாலரைத் தாண்டியது. கம்பெனியின் மதிப்பு சுமார் 800 கோடி டாலர். கிட்டத்தட்ட 400 மடங்கு அதிகம் விற்ற டாய்ஸ் ஆர் அஸ்ஸின் மதிப்போ 600 கோடியை ஒட்டித்தான். ஈடாய்ஸ் வாக்குத் தவறவில்லை. மறுவருஷம் சுமார் 19 கோடி டாலர் நஷ்டப்பட்டுக் காட்டியது.

மகாராஜாவின் மனம் கடைக்காரர்கள் பக்கம் திரும்பாமலும் இல்லை. 1998 நவம்பரில், அலபாமாவைச் சேர்ந்த புக்ஸ்-ஏ-மில்லியன் என்ற புத்தகக் கடைக் குழுமம், தன் இணையதளத்தைப் புதுப்பித்துவிட்டதாக அறிவித்தது. புத்தகமும் பழசு, அலமாரியும் பழசு. பங்கு விலை மட்டும் சில நாட்களில் பத்து மடங்கு ஏறியது. பெயரை டாட் காம் என்று மாற்றிக்கொண்ட கம்பெனிகளைப் பின்னாளில் பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். அறிவிப்பை ஒட்டிய பத்து நாட்களில், சந்தை ஏற்றத்தைக் கழித்தது போக, அந்தப் பங்குகள் சராசரியாக 74 சதவீதம் உயர்ந்திருந்தன. எந்த நியூமராலஜி ஜோசியரும் இவ்வளவு கறாராகப் பலன் சொன்னதில்லை.

டாய்ஸ் ஆர் அஸ்ஸுக்கும் ரோஷம் வந்தது. 1999 கிறிஸ்துமஸுக்கு இணையத்தில் ஆர்டர்களை அள்ளிக் குவித்தது. குவித்ததையெல்லாம் பண்டிகைக்குள் அனுப்ப முடியவில்லை. அரசு மூன்றரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. குழந்தைகள் போட்ட சாபம் தனிக்கணக்கு.

கழித்தல் பரீட்சை 2000 மார்ச் 2 அன்று நடந்தது. த்ரீகாம் நிறுவனம், கையடக்கக் கணினி செய்யும் தன் பிள்ளை பாமின் பங்குகளில் சுமார் 5 சதவீதத்தை மட்டும் சந்தையில் விற்றது. மாலையில் பாமின் மதிப்பு 5,300 கோடி டாலர். அதில் 95 சதவீதத்தைக் கையில் வைத்திருந்த த்ரீகாமின் மதிப்பு சுமார் 2,800 கோடிதான்! அதாவது த்ரீகாமின் மற்ற தொழில், கட்டடம், ரொக்கம் எல்லாம் சேர்ந்து பூஜ்யத்துக்குக் கீழே 2,200 கோடி. அப்பாவை வாங்கினால் பிள்ளையும் மலிவாய்க் கிடைப்பான் என்று தெரிந்தும், ஜனங்கள் பிள்ளையை மட்டும் கூடுதல் விலைக்கு வாங்கினார்கள். பரீட்சையில் மகாராஜா ஃபெயில்.

எட்டு நாள் கழித்து, மார்ச் 10இல் நாஸ்டாக் குறியீடு 5,048ஐத் தொட்டது. பிறகு இறங்கியது, உருண்டது, 2002 அக்டோபரில் 1,114இல் போய் விழுந்தது. ஈடாய்ஸ் அதுவரைகூடத் தாங்கவில்லை. 2001 மார்ச்சிலேயே திவால்.

2009இல் அந்த ஈடாய்ஸ் இணைய முகவரியை விலை கொடுத்து வாங்கியவர் யார்? நம் ஒட்டகச்சிவிங்கிக்காரரேதான்! ஆனால் நல்லவர் வென்றார் என்று மங்களம் பாட வேண்டாம். 2005இல் அவரை வாங்கிய முதலீட்டு நிறுவனங்கள், வாங்குவதற்குப் பட்ட கடனை அவர் தலையிலேயே கட்டின. 2017இல் அவரும் திவால்.

கடை வைத்தவரும் போனார், கடை இல்லாதவரும் போனார். 76 டாலர் விலையில் ஈடாய்ஸ் கம்பெனிக்கே கிடைத்தது 20தான், அதிலும் கமிஷன் போக. மீதி 56, 20 டாலர் விலையில் முன்கூட்டியே பங்கு ஒதுக்கீடு பெற்று அன்றைக்கே விற்றவர்களுக்கு. அவர்கள் ஒரு பொம்மையைக்கூடத் தொட்டதில்லை. ஆகவே, அடுத்த முறை யாராவது லாபத்தைப் பற்றி மூச்சு விடாமல் தொலைநோக்கைப் பற்றியே பேசினால், 20 டாலர் ஒதுக்கீடு யாருக்குப் போனது என்று கேளுங்கள். உங்களுக்கு இல்லையென்றால், அந்த 56 உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகப்போகிறது.