வீட்டிலேயே செய்யலாம் தங்கம் உறிஞ்சும் மெஷின்!

கலிஃபோர்னியாவின் அமெரிக்கன் ஆற்றங்கரையில், 1848 ஜனவரி 24 அன்று, மர அறுவை ஆலைக்கு வெட்டிய கால்வாயில் மினுக்கென்று எதையோ பார்த்தார் ஜேம்ஸ் மார்ஷல். உலகமே அங்கே ஓடியது. மார்ஷல் 1885-இல் கையில் காசில்லாமல் செத்துப்போனார். ஆலையின் பங்குதாரர் ஜான் சட்டரும் நொடித்துப்போனார். இந்தக் கடைசி இரண்டு விஷயங்களையும் உடனே மறந்துவிடுங்கள். தொழிலுக்கு அதுதான் முதல் தகுதி.

மறந்தாயிற்றா? கராஜைத் திறங்கள்.

1. மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாதீர்கள். விவரம் தெரிந்தவர்கள் பம்புக்குள் ஒரு கல்லைக்கூட விடுவதில்லை. பம்ப் நல்ல தண்ணீரை மட்டும் இழுக்கும். அதை ஒரு குறுகிய முனை வழியாக உறிஞ்சுகுழாய்க்குள் சாய்வாகப் பீய்ச்சுவார்கள். அந்த வேகத்தில் பின்னால் வெற்றிடம் உண்டாகி, ஆற்றடிச் சரளையும் மணலும் தானாக ஏறிவரும். இதெல்லாம் சுற்றுவழி. நீங்கள் குழாயை நேராகப் பம்பின் வாயிலேயே மாட்டுங்கள். முதல் கூழாங்கல்லிலேயே பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் போய்விடும். அடுத்த பம்ப் வாங்கப் போகும்போது கடைக்காரர் எழுந்து நின்று வரவேற்பார்.

2. குழாய் முனையில் ஒரு வளையம் இருக்கும். வாய் குழாயைவிடச் சிறியதாக இருந்தால், உள்ளே நுழைந்த கல் வழியில் சிக்காது என்பதற்காக வைத்தது. கழற்றி எறியுங்கள். வாயைக் குறுக்கினால் தங்கக்கட்டி எப்படி நுழையும்? இனி உங்கள் பகல்பொழுதில் பாதி, கம்பியை விட்டுக் குழாயைக் குத்துவதில் இனிதே கழியும்.

3. மெஷினை ஆற்றில் தாங்கும் மிதவைக்குப் பழைய டிரம் போதும். பம்பை ஓட்டும் இன்ஜினை ஒரு ஓரத்தில் வையுங்கள். சாய்ந்தால், எதிர்ப்பக்கம் நண்பரை உட்காரவையுங்கள்.

4. முங்கி வேலை செய்யக் காற்று வேண்டும். அதற்கான கம்ப்ரஸரையும் அதே இன்ஜினில் இணைத்து, காற்று இழுக்கும் வாயைப் புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே பொருத்துங்கள். இடம் மிச்சம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, புகார் சொல்ல வழியில்லை. தலை வலித்தால் காலையில் காபி குடிக்காததால் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கிறுகிறுத்தால் அது பொன்னாசை.

5. இப்போது நம் கலையின் உச்சம்: தங்கம் தங்கும் பெட்டி. தங்கம் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனம். கருமணல் 5 மடங்கு, சாதாரண மணல் மூன்று மடங்குகூட இல்லை. ஆகவே கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் போதும், தங்கம் குறுக்குச் சட்டங்களுக்குப் பின்னால் தானாகவே படிந்துவிடும். அந்த அவகாசத்தைத்தான் நீங்கள் கொடுக்கக் கூடாது. அடிக்கு ஓர் அங்குலச் சாய்வு போதும் என்பார்கள். நீங்கள் பூங்காச் சறுக்குமரம்போல் நிறுத்துங்கள். தண்ணீரை முழுவேகத்தில் திறந்துவிடுங்கள். அடியில் விரிக்க வேண்டிய பாய்விரிப்பைக் காரில் விரித்துக்கொள்ளுங்கள். ஆற்றிலிருந்து எடுத்த தங்கம் ஆறடி தள்ளி மறுபடி ஆற்றிலேயே விழும். இதற்காகவா பெட்ரோல் எரித்தோம் என்று யாராவது கேட்டால், ஆற்றுக்கே திருப்பிக் கொடுக்கும் பண்பு என்று சொல்லுங்கள். பெட்டிக்குப் பின்னால் விழுந்த மணலை மட்டும் ஒருபோதும் அலசிப் பார்க்காதீர்கள். மனசு கஷ்டப்படும்.

6. தங்கம் பாறைத்தட்டின் வெடிப்புகளில்தான் ஒளிந்திருக்கும், அதுவும் பெரிய குண்டுக்கல்லுக்கு அடியில். எனவே கல்லைக் கட்டி இழுத்து அகற்றுவது போன்ற கோழைத்தனம் வேண்டாம். கல்லுக்குக் கீழே படுத்துக்கொண்டு, அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறதோ அந்தச் சரளையை உறிஞ்சுங்கள். தனியாகப் போங்கள். எங்கே போகிறீர்கள் என்பது தொழில் ரகசியம், வீட்டிலும் சொல்லாதீர்கள். பிறகு தேடி வருகிறவர்களுக்கும் அது ரகசியமாகவே இருக்கும்.

7. சில தங்கத் துகள்கள் பாதரசம் ஒட்டி வெள்ளிபோல் இருக்கும். தங்க வேட்டைக் காலத்தவர்கள் கலிஃபோர்னியாவில் சிந்திய சுமார் 1 கோடி பவுண்டு பாதரசத்தில் உங்கள் பங்கு அது. மண்ணடியில் தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பி, பொடிப்பொடியாக்கி, கீழே மீன் பிடிக்கிறவர்களுக்கும் கொஞ்சம் அனுப்பிவிட்டீர்கள். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, சன்னலைச் சாத்தி, தோசைக்கல்லில் சூடாக்குங்கள். தங்கம் கல்லில் தங்கும். பாதரசம் உங்கள் நுரையீரலில் தங்கும். சேதாரமே இல்லை.

8. சட்டம் என்று ஒன்று குறுக்கே வரும். தண்ணீரைப் பீய்ச்சி மலையை உடைத்த கம்பெனிகளின் வண்டல் கீழ்நிலங்களை மூடியபோது, 1884-இல் நீதிபதி சாயர் அதை நிறுத்தினார். உங்கள் வகை மெஷினையும் கலிஃபோர்னியா 2009-இல் நிறுத்திவைத்தது. 1872-ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டம் எனக்குத் துணை என்று ஒருவர் வாதாடிப் பார்த்தார். அப்படித் தடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் அதே வாதத்தை இன்னும் உரக்கச் சொல்லுங்கள். அதிகாரி வந்தால், "இது வாக்யூம் கிளீனர் சார், ஆற்றைச் சுத்தம் பண்றேன்" என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

9. கணக்கு எழுதாதீர்கள். மூன்று பம்ப், நாலு குழாய், பெட்ரோல், அபராதம் எதையும். நான் எழுதிப் பார்த்தேன். அந்த நோட்டு இப்போது வீட்டில் வேறொருவர் கையில் இருக்கிறது.

10. கடைசியில் கிடைத்த நாலு துகளைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மூடுங்கள். தண்ணீருக்குள் தங்கம் பெரிதாகத் தெரியும்.