மூளையிடம் கையெழுத்து வாங்கினீர்களா?

மயிலாப்பூருக்குப் புதிதாக ஒரு விஞ்ஞானம் வந்திருக்கிறது. பிரம்ம முகூர்த்தம் என்று தாத்தா சொன்னதையே சர்க்காடியன் ரிதம் (உடல் கடிகாரம்) என்று மாற்றிச் சொல்லி, 2017இல் வெள்ளைக்காரன் நோபல் வாங்கிவிட்டானாம். வாட்ஸ்அப்பில் விடிவதற்கு முன்பே வந்து விழுகிறது. ஹால், ரோஸ்பாஷ், யங் மூவரும் பழ ஈயைக் குடைந்து, செல்லுக்குள் ஒரு புரதம் இரவில் குவிந்து பகலில் கரைவதைக் கண்டவர்கள். நாலரைக்கு எழுந்திரு என்று எந்த ஈயிடமும் அவர்கள் சொன்னதாகத் தெரியவில்லை. போகட்டும். மார்கழியில் மாமா நாலரைக்கு எழுந்தால் அது ஞானம். அவருடைய காப்பிக்குப் பால் அதற்குள் வாசலில் இருக்க வேண்டுமென்றால், பாக்கெட் போடுகிற பெண் இரண்டரைக்கே எழ வேண்டும். அது என்ன முகூர்த்தம் என்று யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை 2007இல் 2ஏ பிரிவில் வைத்தது. அதாவது, புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பு அதிகம் உள்ளவை. 2019இல் மறுபடி அலசிப் பார்த்துவிட்டு, இரவுப் பணி அங்கேயே இருக்கட்டும் என்றது. நடுவில் 2015இல் ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் அதே பிரிவில் வந்து சேர்ந்தன. கறியைப் பற்றிய சேதி நான்கு மாட வீதிகளையும் தேரை விட வேகமாகச் சுற்றியது. அதே பட்டியலில் உட்கார்ந்திருக்கும் இரவுப் பணி மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. கறியை விட்டுவிடலாம், சார். வாட்ச்மேனை விட முடியுமா?

உடல் கடிகார ஆராய்ச்சியில் தமிழ்நாடு ஒன்றும் இளைத்ததல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் ஒரு தனிமை அறை வைத்திருந்தார். வெயில் கிடையாது, கடிகாரம் கிடையாது. மனிதர்களை உள்ளே இருத்தி, அவர்களுடைய உடம்பு தானாகவே எப்படி நாளை எண்ணுகிறது என்று கவனித்தார்கள். அவர் பாவம், ஒரே ஓர் அறைக்குப் பல்கலைக்கழகத்தை நம்பியிருந்தார். தி. நகரில் அதையே ஜவுளிக்கடை என்ற பெயரில் ஐந்து மாடி, ஆறு மாடி என்று எழுப்பியிருக்கிறார்கள். ஜன்னல் இல்லை. வாடிக்கையாளர் நேரம் பார்த்துவிடக் கூடாது. காலையில் ஹாஸ்டலிலிருந்து வரிசையாக வந்து உள்ளே போகிற பெண் வெளியே வரும்போது சூரியன் கணக்கை முடித்துக்கொண்டு போயிருக்கும். மதுரை அறையில் இருந்தவருக்குத் தூக்கம் வந்தால் தூங்கலாம். இங்கே கொட்டாவி வந்தால் சூப்பர்வைசர் வருவார்.

கடை ஊழியருக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021இல் சட்டமே போட்டோம். சில கடைகளில் நாற்காலியும் வந்தது. அதன்மேல் பிரித்துப் போட்ட சேலைகள் உட்கார்ந்திருக்கின்றன. அதற்கு முன்பே, 2019இல், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று ஆணை வந்தது. 2022இல் அதை நீட்டித்தார்கள். ஆட்சி மாறியது, ஆணை மாறவில்லை. இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலையில் வைத்திருக்க வேண்டுமானால் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்க வேண்டுமாம். எவ்வளவு நாகரிகம்! மாதக் கடைசியில் வாடகைக்குத் தவிக்கிறவள் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டாள்? ஆனால் அவள் மூளைக்குள், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேல், ஏறத்தாழ 20,000 செல்கள் உடம்பின் நேரத்தைப் பார்த்துக்கொள்கின்றன. அந்த 20,000 பேரிடமும் கையெழுத்து வாங்கினீர்களா? அவை அரசாணை படிப்பதில்லை. நடுராத்திரியில் டியூப்லைட் வெளிச்சம் பட்டால் இரவு ஹார்மோனான மெலடோனினை நிறுத்தச் சொல்லிவிடும்.

சந்திரசேகரன் குழுவின் இன்னொரு சோதனை 1985இல் 'நேச்சர்' இதழில் வந்தது. வயல் எலிக் குட்டிகள், தாய் வருவதையும் போவதையும் வைத்தே தங்கள் கடிகாரத்தைத் திருப்பிக்கொள்கின்றன. எலிக்குச் சொன்னதை மனிதருக்கு அப்படியே சொல்லக் கூடாது, சரி, சொல்லவில்லை. பாண்டி பஜாரை ராத்திரியில் பெருக்கிவிட்டு, வெயில் ஏறிய பிறகு வீட்டுக்குப் போகிற அம்மாவின் பிள்ளை எதை வைத்துக் கடிகாரத்தைத் திருப்புகிறது என்று கேட்கத்தான் செய்கிறேன். எலிக் குட்டிக்குக் காட்டிய அக்கறையில் பாதி போதும்.

அடையாற்றுப் பக்கம் ஐஐடியின் மூளை மையம் 2024 டிசம்பரில் கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 வெட்டுத் துண்டுகளாகப் படம்பிடித்து, 'தரணி' என்று பெயரிட்டு உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தது. நிஜமாகவே பெரிய காரியம். அதில் எனக்குப் பெருமைதான். அதே ஆண்டு செயற்கை நரம்பு வலைக்காக ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் நோபல் கிடைத்தது. அந்த வலைக்குத் தூக்கம் வேண்டாம். சூடாகிவிடும் என்று அதற்கு 24 மணி நேரமும் ஏசி போடுகிறோம். அது டெலிவரி ஆப்பில் கணக்குப் போட்டு அனுப்பும் பிரியாணியை ராத்திரி ஒரு மணிக்கு எல்.பி. ரோட்டில் கொண்டுபோகும் பையனுக்கு, ஒதுங்க ஒரு திண்ணையும் இல்லை.

அடுத்த தூக்க மாநாட்டை நட்சத்திர ஹோட்டலில் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள். ரங்கநாதன் தெருவில், ஏதாவது ஒரு கடையின் அடித்தளத்தில், இரவு 11 மணிக்குத் தொடங்குங்கள். நாற்காலி வேண்டாம், சேலைக்குத் தேவைப்படும். பேச்சாளர்கள் நின்றே பேசட்டும், மற்றவர்கள் நின்றே கேட்கட்டும். பாத்ரூம் போவதென்றால் டோக்கன். பத்து நிமிடம் தாமதமாக வந்த பேராசிரியருக்கு அரைநாள் சம்பளம் கட். மறக்காமல் எல்லோரிடமும் முன்கூட்டியே சம்மதக் கடிதம் வாங்கிவிடுங்கள்.